வீதியும் வீதியல்லாத இடமும்

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு பழைய மாணவர் சங்கத்தார் எம்மைக் கேட்டபோது, கம்பனிலோ கந்தபுராணத்திலோ ஒரு பகுதியை எடுத்து எழுதுவோம் என்றே எண்ணியிருந்தோம். தமிழாசிரியரிடம் எவரும் எதிர்பார்ப்பது அதுவேயாம். ஆனால் அவ்வாரத்தில், எம்மிடம் முன்பு கற்ற மாணவர் ஒருவர் எமது வீட்டுக்கு வந்தார். அவர் இப்போது வைத்தியசாலை ஒன்றில் நோயாளர் பதிவேடுகளைப் பேணும் பகுதியிற் கடமையாற்றுகிறார். கையில் ஒரு தாள். அதில் ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி. அதனைத் தமிழிற் சொல்லித் தருமாறு கேட்டார். தாம் எழுதிப் பார்த்த தமிழையும் அதன் கீழே குறித்திருந்தார்: "வீதியில் இல்லாத வாகன மோதலில் காயப்பட்ட பயணி."

ஆறு சொற்கள்தாமே, அரைமணி நேரத்தில் திருத்திக் கொடுத்து அனுப்பலாம் என நினைத்து அவரை இருத்தினோம். தேநீர் ஆறிற்று, சொல் அமையவில்லை. மூன்று வாரம் சென்ற பின்னரே எமது விடை அவர் கைக்குச் சேர்ந்தது. தாமதத்துக்குச் சொல்லின் அருமை மட்டும் காரணமன்று. மற்றக் காரணத்தை உரிய இடத்திற் கூறுவோம்.

முதலில் அவ்வரி எவ்விடத்தது என்பதைச் சொல்லிவிடல் வேண்டும். நோய்கள் அனைத்தையும் எண்ணிட்டு வகுத்த அனைத்துலகப் பட்டியல் ஒன்று உண்டு. 1893 ஆம் ஆண்டிற் சிக்காக்கோ நகரிற் கூடிய புள்ளிவிபரவியலாளர் முன் சாக் பேர்ட்டியோன் என்னும் பிரெஞ்சு அறிஞர் வைத்த மரண காரணப் பட்டியலே அதன் மூலம். 1948 ஆம் ஆண்டின் ஆறாந் திருத்தம் முதல் உலக சுகாதார நிறுவனம் அதனைப் பேணி வருகிறது. பத்தாந் திருத்தம் 1990 இல் ஏற்கப்பட்டது; பதினோராந் திருத்தம் 2022 ஜனவரி முதலாந் திகதி நடைமுறைக்கு வந்தது. எமது மாணவர் கொணர்ந்த வரி பத்தாந் திருத்தத்தினது. அதில் நோய்க்கு ஓர் எண் இருப்பது போலவே காயத்தை உண்டாக்கிய காரணத்துக்கும் ஓர் எண் உண்டு. கால் எலும்பு முறிந்தது என்பது ஓர் எண். எதனால் முறிந்தது என்பது வேறோர் எண். இரண்டாவது எண்ணை இடுவதற்கு எழுதுநர் நோயாளியையோ உடன்வந்தவரையோ கேட்டறிதல் வேண்டும். உடன்வந்தவர் வாயில் வரும் சொல்லே கடைசியில் எண்ணாகிறது. வாசகர் இதனை மனத்திற் கொள்க.

வாகனங்களால் விளையும் காயங்களை அப்பட்டியல் இரு பாலாகப் பிரிக்கிறது. பொதுவீதியில் நிகழ்ந்தவை ஒரு பால். முற்றிலும் பிறவிடத்தில் நிகழ்ந்தவை மறு பால். பின்னையதற்கு ஆங்கிலத்தில் இட்ட பெயரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தாற் 'போக்குவரத்தல்லாத விபத்து' என வரும். இரண்டு வாகனங்கள் போயும் வந்தும் திரிந்தமையாலேயே மோதின. அதனைப் போக்குவரத்தல்லாதது என்றால் நான்காந் தரத்து மாணவனும் சிரிப்பான். ஆகவே அப்பெயரை விட்டு, அதன் பொருளைக் கொள்வதே முறை என்று துணிந்தோம்.

மாணவரின் தமிழிலும் ஒரு சிக்கல் இருந்தது. 'வீதியில் இல்லாத வாகன மோதல்' என்னும் தொடரில் வீதியில் இல்லாதது எது? வாகனமா, மோதலா? பெயரெச்சம் அடுத்து நிற்கும் பெயரையே முதலிற் பற்றுமாதலின், வீதியில் இல்லாத வாகனம் என்றே வாசிப்போர் கொள்வர். அன்றியும், இல்லாமை வேறு, அல்லாமை வேறு. பணம் இல்லாத வீடு என்பதில் இன்மை. வீடு அல்லாத கட்டடம் என்பதில் அன்மை. இங்கு வேண்டப்படுவது அன்மைப் பொருள். விபத்து நிகழ்ந்த இடம் உண்டு. அவ்விடம் வீதி அன்று. ஆகவே 'வீதியல்லாத இடத்தில்' என்பதே பொருந்தும். இந்நுட்பத்தை வகுப்பில் நன்னூற் பாடத்தின்போது எத்தனையோ முறை சொல்லியிருக்கிறோம். ஒரு நோயாளியின் அட்டைக்கு அது பயன்படும் என்று ஒருநாளும் எண்ணியதில்லை.

'மோதல்' என்னும் சொல்லையும் மாற்றினோம். எமது நாட்டிற் பல்லாண்டுகளாகச் செய்தித்தாள் வாசித்தோர்க்கு அச்சொல் வேறொன்றையே நினைவூட்டும். பௌதிகவியல் மாணவர் 'மொத்துகை' என்பர்; அது ஊரவர்க்குப் பழக்கமில்லை. 'வாகனங்கள் மோதியமை' என வினையாற் சொல்வது தெளிவென்று கண்டு அதனையே கொண்டோம்.

இனி, வீதி எது என்பதற்கு வருவோம். அப்பட்டியல் கூறும் வரையறையின் கருத்து இது: ஆட்களையும் பொருள்களையும் ஓரிடத்திலிருந்து ஓரிடத்துக்குக் கொண்டு செல்லும் பொருட்டு, உரிமையாலோ வழக்கத்தாலோ பொதுமக்களுக்குத் திறந்துள்ள நிலம் பொதுவீதியாம், ஒரு பக்கத்து எல்லையிலிருந்து மறுபக்கத்து எல்லைவரை அதன் முழு அகலமும் வீதியே. எனவே தார் இட்ட பகுதி மட்டுமன்றி, அதன் ஓரத்துப் புல்லும் வடிகாலும் மதில் அடிவரை வீதியாகும். வீதியில் தொடங்கி வயலில் முடிந்த விபத்தும், வயலில் தொடங்கி வீதியில் முடிந்த விபத்தும் வீதி விபத்துகளே. இடம் இன்னதென்று சொல்லப்படாவிடின் வீதி என்றே கொள்ளப்படும். உழவு இயந்திரம் போன்று வீதிக்கென ஆக்கப்படாத வாகனங்கள் மட்டும் சம்பந்தப்பட்டிருப்பின், சொல்லப்படாத இடம் வீதியல்லாத இடமாகக் கொள்ளப்படும்.

இவ்வரையறையில் எம்மைப் பிடித்து நிறுத்தியது 'வழக்கத்தாலோ' என்னும் சொல். எமது ஊர்களில் தெரு உண்டு, ஒழுங்கை உண்டு, வயலூடு செல்லும் வண்டிப்பாதை உண்டு, வளவுக்குள் வளவு கடக்கும் தடமும் உண்டு. உறுதியின்படி தனியார் காணியாயினும், மூன்று தலைமுறை மக்கள் சைக்கிளும் வண்டிலும் கொண்டு போய்வந்த ஒழுங்கை வழக்கத்தால் வீதியாகும். அப்படியாயிற் கோயில் வீதி? வெளிவீதி, உள்வீதி என்று வீதிப் பெயரையே தாங்கி நிற்கும் இடம் அது. தேர் அதிலேதான் ஓடுகிறது. திருவிழாக் காலத்தில் வான்களும் முச்சக்கரவண்டிகளும் தண்ணீர் ஏற்றிய உழவு இயந்திரங்களும் வெளிவீதியிற் பின்னோக்கியும் முன்னோக்கியும் நெருக்கிக்கொள்கின்றன. ஊரவர் அதனூடாகக் கடைக்கும் பாடசாலைக்கும் நாள்தோறும் போய்வருவாராயின், அது இவ்வரையறைப்படி பொதுவீதியே. மதிலாற் சூழப்பட்டு, வாயில் பூட்டப்பட்டு, வழிபடுவோர்க்கு மட்டும் திறக்கப்படுமாயின், பெயரளவிலேயே வீதி. பெயரைக் கொண்டு முடிவு செய்ய இயலாது. போய்வரும் வழக்கத்தைக் கொண்டே முடிவு செய்தல் வேண்டும். பாடசாலை முற்றம், விளையாட்டு மைதானம், சூடுமிதிக்கும் களம், கற்குழி, துறைமுகத்தின் உட்புறம், வாகனத் தரிப்பிடம் ஆகியவற்றையும் இவ்வாறே ஒவ்வொன்றாக நோக்குக.

வழக்கம் என்னும் சொல்லின் உடன்பிறப்பு வழக்கு. உலக வழக்கு, செய்யுள் வழக்கு என்னும்போது அது சொல் வழங்கும் முறை; நீதிமன்றத்திற் பேசும்போது அது முறைப்பாடு. வீதி எது என்னும் கேள்வி பிற நாடுகளில் இந்த இரண்டாவது வழக்காகவும் எழுந்ததை அறிந்தபோது எமக்கு வியப்பு உண்டாயிற்று. காப்புறுதி தொடர்பாக நடந்த வழக்குகள் அவை.

இங்கிலாந்திலே பலமாடி வாகனத் தரிப்பிடம் ஒன்றில் நின்ற காரினுள் ஒருவர் பயணியாக அமர்ந்திருந்தார். உள்ளே வைத்திருந்த சிகரெட் மூட்டியின் எரிவாயுக் கலத்தில் வாயு கசிந்திருந்தது. சாரதி சிகரெட்டை மூட்டியபோது தீப்பற்றிப் பயணி எரிகாயமுற்றார். வாகனங்கள் மோதவில்லை, ஆயினும் வீதியைப் பற்றிய கேள்வி அதுவே. அக்காலச் சட்டம் 'வீதி'யில் வாகனத்தைப் பயன்படுத்துவதற்கே காப்புறுதியைக் கட்டாயமாக்கியிருந்தது. தரிப்பிடம் வீதியன்று என்று 1998 இல் பிரபுக்கள் சபை தீர்த்தது. கட்டாயக் காப்புறுதியின் பயன் அப்பயணிக்குக் கிட்டவில்லை. 2000 ஆம் ஆண்டில் அச்சட்டத்தில் 'வேறு பொது இடம்' என்னும் சொற்கள் சேர்க்கப்பட்டன.

சிலோவேனியாவில் 2007 ஓகஸ்ட் மாதம் ஒரு பண்ணையின் முற்றத்தில், வைக்கோற் கட்டுகளைக் களஞ்சியப் பரணில் ஏற்றிக்கொண்டிருந்தனர். பெட்டி பூட்டிய உழவு இயந்திரம் பின்னோக்கி வந்து ஏணியில் இடித்தது; ஏணியில் ஏறிக்கொண்டிருந்தவர் வீழ்ந்தார். அது வீதியன்று, இயந்திரமும் அப்போது வாகனமாகவன்றி வேலைக் கருவியாகவே பயன்பட்டது என வாதம் எழுந்தது. வாகனத்தின் இயல்பான தொழிலுக்கு இயைந்த எப்பயன்பாடும் கட்டாயக் காப்புறுதிக்குள் அடங்கும் என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2014 செப்டெம்பரிற் கூறிற்று. இசுப்பானியாவில் 2012 இல் இராணுவப் பயிற்சி நிலமொன்றில் இரவுவேளை வாகனம் குடைசாய்ந்து, உள்ளே பயணியாக இருந்த அலுவலர் காயமுற்றார். அந்நிலம் சாதாரண வாகனங்கள் ஓடுதற்கு உரியதன்று என்பதைக் காட்டிக் காப்புறுதியை மறுத்தல் ஆகாது என 2017 இல் அதே நீதிமன்றம் தீர்த்தது. 2021 ஆம் ஆண்டின் ஒன்றியப் பணிப்புரையும் நிலம் எத்தகையதாயினும் ஆகுக என்று எழுதிவிட்டது. பிரித்தானியா ஒன்றியத்தை விட்டு விலகிய பின், 2022 இல் தனிச் சட்டம் இயற்றி அவ்விரிவை நீக்கிக்கொண்டது. நம் நாட்டு நிலையைச் சட்டத்தரணிகளான நம் பழைய மாணவர் எவரேனும் அடுத்த மலரில் எழுதுவாராயின் நன்று.

இறுதிச் சொல் 'பயணி'. முன்னாளிற் 'பிரயாணி' என்று எழுதினோம்; எச்சொல்லாயினும் ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குப் போகின்றவன் என்னும் எண்ணமே தோன்றுகிறது. மைதானத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு உழவு இயந்திரத்திற் குந்திக்கொண்டு போகும் மாணவனை எவரும் பயணி என்னார். அவனும் தன்னை அப்படி எண்ணான். அப்பட்டியலோ, சாரதி தவிர வாகனத்தின் உள்ளே இருக்கும் எவரும் பயணி என்கிறது. தூரம் அங்கே பொருட்டன்று. அதனோடு மற்றொரு வகையையும் தனியே பிரித்து வைத்திருக்கிறது: சாரதிக்கோ பயணிக்கோ பொருளுக்கோ உரிய இடத்தில் இராது, கூரையிலும் மிதிபலகையிலும் மட்காட்டிலும் பம்பரிலும் இருந்து செல்பவர். இவரை ஆங்கிலத்தில் வாகனத்தின் வெளிப்புறத்து ஆள் என்கின்றனர். 'தொற்றிச் செல்வோர்' என நாம் மொழிபெயர்த்தோம். தமிழில் இதைவிட நல்ல சொல் எமக்குக் கிடைக்கவில்லை. நாள்தோறும் கண்ணாற் காணும் காட்சிக்குச் சொல் தேட வேண்டியிருந்ததே என்று வருந்தினோம்.

இச்சொல்லை எழுதிய இரவிலேதான் எமது பேனா நின்றது. தாமதத்தின் மற்றக் காரணம் இனி வருவது.

2012 ஆம் ஆண்டு ஜனவரி மாதம். அக்காலத்தில் நாம் வேறொரு பாடசாலையிற் கற்பித்தோம். ஓர் இல்லத்தின் பொறுப்பாசிரியராகவும் இருந்தோம். இல்ல விளையாட்டுப் போட்டிக்கு இரண்டு நாட்களே இருந்தன. அலங்காரத்துக்கு வேண்டிய தடிகளும் கிடுகும் தென்னோலையும் உழவு இயந்திரப் பெட்டியில் வந்தன. ஓட்டி வந்தவர் மாணவன் ஒருவனின் தந்தையார். கூலி பெறாது உதவிக்கு வந்தவர். ஒவ்வோர் இல்லத்துக்கும் உரியதை மைதானத்தைச் சுற்றி இறக்கவேண்டும். "ஏறுங்கோடா, கெதியா இறக்கவேணும்" என்று சொன்னவர் வேறெவருமல்லர், நாமே. இருவர் பெட்டியிலிருந்த தடிகளின் மேல் ஏறினர். ஒருவன் பெட்டியை இயந்திரத்தோடு பூட்டும் சட்டத்தில் நின்றான். பத்தாந் தரத்து மாணவன் ஒருவன் சாரதிக்கு அருகே மட்காட்டில் இருந்தான். கதிரை ஏற்றி வந்த வான் ஒன்று கம்பத்தடியிலிருந்து பின்னோக்கி வந்து இயந்திரத்தின் பெரிய சில்லில் இடித்தது. இரண்டும் மெதுவாகவே ஓடின. சத்தங்கூடப் பெரிதாக இல்லை. மட்காட்டில் இருந்தவன் மட்டும் கீழே கிடந்தான். பெட்டிச் சில்லு அவன் இடதுகாலின் மேல் ஏறி நின்றது. முழங்காலுக்குக் கீழ் இரண்டு எலும்பும் முறிந்தன.

வைத்தியசாலைக்கு உடன் சென்றவரும் நாமே. என்ன நடந்தது என்று எழுதுநர் கேட்டார். "மைதானத்தில் விழுந்துவிட்டான்" என்றோம். பொய் என்று எவரும் எம்மைப் பிடிக்க முடியாது; அவன் விழுந்தான், விழுந்த இடமும் மைதானமே. உதவிக்கு வந்த தந்தையாரை எவரும் விசாரிக்கக்கூடாது, அதிபருக்கு இடர் வரக்கூடாது, போட்டி பிற்போகக்கூடாது என்று அவ்வேளையில் நினைத்தோம். எம்மை எவரும் விசாரிக்கக்கூடாது என்றும் நினைத்தோம். அதனைக் கடைசியில் எழுதுகிறோமாயினும் அதுவே முதலில் இருந்தது. எழுதுநர் நாம் சொன்னதை எழுதினார். அவர்மீது குற்றமில்லை.

எமது மாணவர் கொணர்ந்த பட்டியலில் இப்போது அதனைத் தேடிப் பார்த்தோம். வீழ்ச்சிகள் 'டபிள்யூ' வரிசையில் முதல் இருபது எண்களுக்குள் உள்ளன. நடந்ததை நடந்தவாறே சொல்லியிருப்பின் அது 'வீ' வரிசையிற் சேர்ந்திருக்கும்: வேளாண்மை வாகனத்துக்குரிய வீ 84, அதன்கீழ்ப் புள்ளி 7, வீதியல்லாத இடத்தில் வாகனத்திற் தொற்றிச் சென்றவர் காயமுற்றமை. கார்களுக்கு உரிய எண்களிலே பிறவிட விபத்துக்குப் புள்ளி 0 முதலாகவும் வீதி விபத்துக்குப் புள்ளி 5 முதலாகவும் வருகின்றன. காரிலே சென்ற பயணி பிறவிடத்தில் மற்றொரு காரோடு மோதிக் காயமுற்றால் வீ 43.1, மாணவர் கொணர்ந்த வரி இதுவே. உழவு இயந்திரத்துக்கோ இம்முறை தலைகீழாக நிற்கிறது. எண் இடுவோர் இதில் வழுவுதல் எளிது என்று மாணவரும் ஒப்புக்கொண்டார்.

எண் ஒன்று மாறினால் என்ன என்று கேட்கலாம். விழுந்தான் என்று பதிவானபடியால், அடுத்த மாதம் கூடிய பாடசாலை அபிவிருத்திச் சங்கம் மைதானத்தின் குழிகளை நிரப்பத் தீர்மானித்தது. இரண்டு பெட்டி மண் வந்தது. மண்ணை இறக்குவதற்கு மாணவர் மட்காட்டில் ஏறிச் சென்றனர். நாம் அங்கு நின்று பார்த்தோம், வாய் திறக்கவில்லை.

மெதுவாக ஓடிய வாகனம் எவ்வாறு எலும்பை முறிக்கும் என்பதை நம் கல்லூரியின் பௌதிகவியல் ஆசிரியர் எமக்குக் கணக்கிட்டுக் காட்டினார். மணிக்கு 15 கிலோமீற்றர் என்பது சைக்கிள் ஓடும் வேகம். வாகனம் திடீரென நின்றால் அதில் எதையும் பற்றாது இருப்பவன் அதே வேகத்தில், அதாவது செக்கனுக்கு ஏறத்தாழ 4 மீற்றராக, முன்னே செல்வான். 90 சென்ரிமீற்றர் உயரத்திலிருந்து குதித்தவன் நிலத்தைத் தொடும் வேகமும் அதுவே. மட்காட்டின் உயரத்திலிருந்து கீழே விழும் வேகம் இதனோடு சேரும். சாரதி எதிரே நோக்குகிறார், கைக்குச் சுக்கான் உண்டு. இடிப்பதைக் கண்டு கணநேரம் முன்னரே தம்மை இறுக்கிக்கொள்வார். தொற்றிச் செல்பவன் பெரும்பாலும் பின்னே திரும்பி நண்பனோடு பேசிக்கொண்டிருப்பான். அவனுக்கடியிற் பெரிய சில்லு, பின்னாற் பெட்டி. அநேக உழவு இயந்திரங்களில் ஆசனம் ஒன்றுதான்; அது ஓட்டுபவருக்கு. காரிலும் வானிலும் உள்ளே இருப்போர்க்கு ஆசனப்பட்டி உண்டு. படலை கடந்து வளவுக்குள் நுழைந்தவுடன் அதனைக் கழற்றிவிடும் வழக்கமும் உண்டு.

எண்ணப்படாதது கண்ணிற் படாது என்பதற்கு அமெரிக்கா ஒரு சான்று. அந்நாட்டில் வாகன மரணக் கணக்கு பொதுவீதிகளையே நோக்கிற்று. வீட்டு முற்றத்திலே பின்னோக்கி வந்த வாகனங்களால் இறந்த குழந்தைகள் அக்கணக்கில் வரவில்லை. பெற்றோர் பலகாலம் வாதாடியதன் பின், வீதியல்லாத இடங்களின் விபத்துகளையும் எண்ணுமாறு 2008 இல் ஒரு சட்டம் கையொப்பமாயிற்று. அச்சட்டத்தின் வழியே வந்த விதியின்படி, 2018 மே முதலாந் திகதி முதல் அங்கு ஆக்கப்படும் புதிய சிறு வாகனங்கள் அனைத்திலும் பின்புறத்தைக் காட்டும் கமெரா கட்டாயமாயிற்று. அக்குழந்தைகள் பயணிகளல்லர், ஆயினும் இடம் நமது பொருளுக்கு உரிய இடமே. உலக சுகாதார நிறுவனம் 2021 ஆம் ஆண்டுக்கு மதிப்பிட்ட 11 இலட்சத்து 90 ஆயிரம் மரணங்களும் வீதிப் போக்குவரத்து மரணங்களே. களத்திலும் கற்குழியிலும் மைதானத்திலும் நிகழ்ந்தவை அத்தொகைக்கு வெளியே நிற்கின்றன.

மூன்றாம் வாரம் மாணவர் மறுபடி வந்தார். எமது விடையைக் கொடுத்தோம். 'பொதுவீதி விபத்து' என்பதற்கு இணையாகப் 'பிறவிட விபத்து' என்று ஆக்கியிருந்தோம். அவர் கேட்ட வரிக்கு, "பொதுவீதியல்லாத இடத்தில் வாகனங்கள் மோதியமையாற் காயமுற்ற பயணி" என்று எழுதியிருந்தோம். அதன்கீழே, எழுதுநர் உடன்வந்தோரிடம் கேட்பதற்காக நான்கு வினாக்களையும் சேர்த்திருந்தோம்: எந்த இடம்? எந்த வாகனம்? எதனோடு மோதியது? காயமுற்றவர் உள்ளே இருந்தாரா, தொற்றிச் சென்றாரா, ஏறுகையிலோ இறங்குகையிலோ இருந்தாரா? இவ்வினாக்களை முன்னமே எவரேனும் எம்மிடம் கேட்டிருந்தால் நாம் என்ன சொல்லியிருப்போம் என்று மாணவர் கேட்கவில்லை. 2012 ஆம் ஆண்டின் அட்டையைத் திருத்தலாமா என்று நாம் கேட்டோம். அவ்வாண்டின் கணக்கு முடித்து அனுப்பப்பட்டு நெடுங்காலமாயிற்று என்றார்.

காயமுற்ற மாணவன் இப்போது கிளிநொச்சியிற் கடை வைத்திருக்கிறார். இக்கட்டுரையை அச்சுக்குக் கொடுக்குமுன் அவருக்கு வாசித்துக் காட்டினோம். தொற்றிச் செல்வோர் என்பது சரி என்றார். மட்காட்டில் இருந்தது வலப்பக்கமா இடப்பக்கமா என்பதிலே எமக்கும் அவருக்கும் கருத்து வேறுபட்டது. அவர் சொன்னதே சரியாயிருக்கும் என்று அப்பகுதியைப் பக்கம் குறியாது விட்டோம். இவ்வாண்டு நம் கல்லூரி இல்ல விளையாட்டுப் போட்டிக்கு வந்த தடிகள் வாயிலடியிலேயே இறக்கப்பட்டுத் தோளிற் சுமந்து செல்லப்பட்டன. நேரம் கூடியது என்று இல்லத் தலைவர்கள் முறையிட்டனர்.

'தொற்றிச் செல்வோர்', 'பிறவிட விபத்து' என்பவற்றினும் பொருத்தமான சொற்களை அறிந்தோர், மலர்க் குழுவின் வாயிலாக எமக்கு அறியத் தருவாராக.